ஒரு கோடியே ஒன்று

நேயர்களுக்கு வணக்கம். போன ஆவணியில் கண்டனூரில் ஒரு காதுகுத்து. மொய் எழுதும் வேலை வழக்கம்போல என் தலையில். கணக்கு வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று, இதிலிருந்து மட்டும் ஓய்வு கிடையாது. பங்காளி ஒருவர் இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாளைத் தாம்பாளத்தில் வைத்துவிட்டு, ஒற்றை ரூபாய்க்காகச் சட்டைப்பை, இடுப்பு மடி என்று தடவினார். அகப்படவில்லை. கடைசியில் என்னிடமே கடன் வாங்கி வைத்தார்.

பக்கத்தில் இருந்த பேரன் கேட்டான்: “ஐயா, ஆயிரம் இருக்கும்போது அந்த ஒரு ரூபாயால் என்ன ஆகிவிடும்?”

பூஜ்யத்தில் முடியக் கூடாது, உறவு தொடர வேண்டும் என்று நம் வீடுகளில் சொல்கிற பதிலைத்தான் சொன்னேன். ஆனால் எண்ணுக்குள்ளேயே அந்த ஒன்று செய்கிற வேலை பெரிது.

பெரிய தொகையாகவே எடுத்துக்கொள்வோம். ஒரு கோடி ஆத்தங்குடிக் கல் இருக்கிறது. ஒன்றும் மிஞ்சாமல் செவ்வகமாகப் பதிக்க வேண்டும். 2-ம் 5-ம் ஏழேழு முறை பெருகி வந்த எண் அது; அதை மீதியின்றி வகுக்கும் எண்கள் 64. அகலத்துக்கு ஒன்று, நீளத்துக்கு ஒன்று என்று அவை ஜோடி சேர்வதால் 32 விதமாகப் பதிக்கலாம். நல்ல முகப்பாகவே அமையும்.

இப்போது ஒரே ஒரு கல்லைக் கூடுதலாகக் கொடுங்கள். 1,00,00,001. கொத்தனார் கையை விரித்துவிடுவார். 2 போகாது, 3 போகாது, 5, 7 எதுவும் போகாது. 11 மட்டும் போகும்: 11 × 9,09,091. அந்த 9,09,091 பகா எண், அதற்குமேல் உடையாது. ஆக, ஒற்றை வரிசை, இல்லையென்றால் பதினொரு வரிசை. கல் ஒரு சாண் என்றாலும், பதினொரு வரிசைத் தரை 200 கிலோமீட்டருக்கு மேல் நீளும். காரைக்குடியில் ஆரம்பித்தால் திருச்சியைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும்!

11 எப்படி வந்தது? இலக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டிப் பாருங்கள். எட்டு இலக்கத்தில் முதல் 1 ஒரு பக்கம், கடைசி 1 மறுபக்கம். வித்தியாசம் பூஜ்யம். அப்படியானால் 11 மீதியின்றி வகுக்கும். நடுவில் பூஜ்யங்கள் இரட்டைப்படையாக இருந்தால் எப்போதும் இதே கதைதான். 1001-ல் இரண்டு பூஜ்யம்: 7 × 11 × 13. 1,00,001-ல் நான்கு: 11 × 9091.

ஒற்றைப்படையானால் 11 ஒதுங்கிவிடும். 10,001 என்பது 73 × 137. எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது 101. நடுவில் ஒரே பூஜ்யம், பகா எண். இந்த வடிவத்தில் அதைவிடப் பெரிய பகா எண் இன்றுவரை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கணினிகள் எத்தனையோ லட்சம் இலக்கம் வரை துழாவியும் அகப்படவில்லை.

இதையெல்லாம் கேட்ட பேரன் மொய் நோட்டைப் புரட்டி, 101 எழுதியவர்களை எண்ண ஆரம்பித்தான். பதினேழு பேர். “பதினேழும் பகா எண்தான், ஐயா” என்றான்.

வணக்கம்.