வைசாலியை வீழ்த்தியது கல்லெறி பொறியா?

வணக்கம். ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "கோட்டையைத் தாக்கும் இயந்திரமெல்லாம் அலெக்சாண்டர் வந்த பிறகுதான் இந்தியாவுக்குத் தெரியுமா?" இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அலெக்சாண்டர் போரஸோடு மோதியது கி.மு. 326இல். அதற்கு நூறு வருஷத்துக்கும் முன்னால் மகத மன்னன் அஜாதசத்ரு, வைசாலி நகரை ஆண்ட லிச்சவி குலத்தாரோடு போரிட்டான். அந்தப் போரில் மகாசிலாகண்டகம், ரதமுசலம் என்று இரண்டைச் சமணர்களின் பகவதி சூத்திரம் சொல்கிறது. முதலாவதைப் பெருங்கல் எறியும் பொறி என்று வரலாற்றாசிரியர்கள் பலர் எழுதுகிறார்கள். ஆனால் நூலில் இருப்பது வேறு மாதிரி. புல்லோ இலையோ பட்டால்கூடப் பெரிய பாறை விழுந்தது போல வீரர்கள் உணர்ந்தார்களாம். இரண்டாவது, குதிரையும் இல்லாமல் சாரதியும் இல்லாமல் உலக்கையோடு சுழன்று அடித்த தேர். நடந்ததைப் புராணமாக்கிச் சொல்லியிருக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

சரி, பொறிகளின் பட்டியல் வேண்டுமென்றால் அர்த்தசாஸ்திரத்தில் இருக்கிறது. நிலையாக நிறுத்துபவை, நகர்த்தக்கூடியவை என்று கௌடில்யர் பிரித்தே சொல்கிறார். நம் சிலப்பதிகாரத்திலும் மதுரை மதில்மேல் கல் உமிழும் கவண், கொதிக்கும் எண்ணெய், பன்றிப்பொறி எல்லாம் வரிசையாக வரும். ஒன்றைக் கவனியுங்கள்: மதுரைப் பட்டியல் முழுக்க மதிலைக் காப்பவர்களின் கருவிகள். உள்ளே இருப்பவன் கைதான் ஓங்கியிருந்தது. அப்படியானால் கோட்டைகள் எப்படி விழுந்தன? பாரியின் பறம்பு மலையை மூவேந்தர் முற்றுகையிட்டது பற்றி முன்பு பேசியபோதும் இதையேதான் சொன்னேன். கோட்டை உள்ளிருந்துதான் விழும்.

வைசாலிக்கே வருவோம். அஜாதசத்ருவின் அமைச்சர் வஸ்ஸகாரர் புத்தரிடம் போனார். வஜ்ஜிகள் (லிச்சவிகள் சேர்ந்திருந்த கூட்டமைப்பு) அடிக்கடி கூடிப் பேசுகிறார்கள், ஒற்றுமையாகக் கூடி ஒற்றுமையாகக் கலைகிறார்கள், அப்படி இருக்கும்வரை அவர்களுக்கு வளர்ச்சிதான், தாழ்வில்லை என்றார் புத்தர். அப்படியானால் போரால் முடியாது, பிரித்தால்தான் முடியும் என்று அமைச்சருக்குப் புரிந்துவிட்டது. அப்புறம் நடந்ததைப் பாலி மொழியிலுள்ள பௌத்த உரைநூல் சொல்கிறது. அரசன் தன்னை விரட்டிவிட்டதாக நாடகமாடி அவர் வைசாலிக்குள் போனார். இவரிடம் ஒன்று, அவரிடம் ஒன்று என்று காதில் ஓதினார். மூன்றே வருஷம். போர் முரசு கொட்டியபோது "வீரர்கள் போகட்டும், நமக்கென்ன" என்று ஒருவரும் வரவில்லை. திறந்து கிடந்த வாயில் வழியாகவே அஜாதசத்ரு நுழைந்தான். இந்தக் கதையில் பொறி என்ற பேச்சே இல்லை!

கௌடில்யரும் கோட்டையைப் பிடிக்கும் வழிகளில் உட்பகை மூட்டுவதையும் ஒற்றர்களையும் முற்றுகைக்கு முன்னால் வைக்கிறார். வேறு வழியில் பிடிக்க முடிந்தால் தீ வைக்காதே என்றும் சொல்கிறார், தானியமும் மாடும் மக்களும் அழிந்துவிடும் என்று.

வஸ்ஸகாரரை லிச்சவிகள் ஏன் நம்பினார்கள்? அதை யாராவது கேளுங்கள், அதற்குத் தனியாக ஒரு காணொளியே போடுகிறேன்.