பாங்கோலின்: உருள்வதால் வந்த பெயர்

(திரையில்: பந்தாகச் சுருண்டு கிடக்கும் அழுங்கு)

நாம் அழுங்கு, அலங்கு, எறும்புத்தின்னி என்று சொல்லும் விலங்கைத்தான் ஆங்கிலத்தில் பாங்கோலின் என்கிறார்கள். சொல் மலாய் மொழியிலிருந்து போனது. மூலம், ‘பெங்குலிங்’.

பிரித்துப் பார்ப்போம். ‘குலிங்’ என்றால் உருளுதல். கட்டிப்பிடித்துத் தூங்குவோமே, நீள உருளைத் தலையணை, அதற்கு மலாயில் ‘பந்தால் குலிங்’. முன்னால் ஒட்டும் ‘பெ’ அந்தச் செயலைச் செய்பவரைக் காட்டும். கூடவே பெரும்பாலும் ஒரு மெல்லெழுத்தும் வரும். ‘ஜுவால்’ விற்றல், ‘பெஞ்ஜுவால்’ விற்பவர். ‘குலிங்’ உருளுதல், ‘பெங்குலிங்’ உருள்வது. ஜ-வுக்கு முன் ஞ், க-வுக்கு முன் ங். நம் இன எழுத்துக் கணக்கேதான், தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

அந்த ‘பெ’யை மலாய்க்காரர்கள் அரைகுறையாக வாய் திறந்துதான் சொல்வார்கள். ஐரோப்பியர் எழுத்தில் அது ‘ப’ ஆனது. கடைசி ‘ங்’கும் ‘ன்’ ஆகத் தேய்ந்தது.

(திரையில்: பாய் சுருட்டும் கை)

ஒரு குழப்பம் அடிக்கடி நேரும். பாயைச் சுருட்டுவது மலாயில் ‘குலுங்’. அது வேறு சொல். ஆபத்து வந்தால் அழுங்கு வயிற்றை உள்ளே மடக்கி, வாலால் போர்த்திக்கொள்ளும். செய்வது சுருளுதல், பெயரோ உருளுதலிலிருந்து வந்தது. இன்று கோலாலம்பூரில் போய் ‘பெங்குலிங்’ என்றால் விலங்கு யாருக்கும் நினைவுக்கு வராது. ‘தெங்கிலிங்’ என்று கேட்க வேண்டும்.

அறிவியல் பெயர் இன்னொரு வேடிக்கை. 1758-ல் ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் வைத்த ‘மானிஸ்’, இறந்தோர் ஆவிகளைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து எடுத்தது. இரவில் நடமாடும் விலங்கல்லவா. மலாயிலோ ‘மானிஸ்’ என்றால் இனிப்பு! ஜாவா அழுங்கு இனத்தின் பெயரான ‘மானிஸ் ஜவானிகா’வை மலாய்க்காரர் படித்தால் சிரிப்பார்.

(திரையில்: கடலாமை ஓடு, மிக அருகில்)

தமிழில் ‘எறும்புத்தின்னி’ எளிமையான பெயர்தான், ஆனால் சிக்கல் உண்டு. தென் அமெரிக்காவில் செதிலே இல்லாத, மயிர் அடர்ந்த வேறொரு விலங்குக்கும் அதே பெயரைச் சொல்கிறோம். எழுதும்போது ‘அழுங்கு’ என்பதே பாதுகாப்பு. அந்தப் பெயரைக் கேட்டாலே செதில் நினைவுக்கு வரும். மன்னார் வளைகுடாவின் அழுங்காமை என்ற கடலாமையைப் பாருங்கள்: ஓட்டுத் தகடுகள் அழுங்கின் செதில் மாதிரியே, கூரை ஓடு வேய்ந்தாற்போல ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும்.