அணி யாருக்குச் சொந்தம்? பிரிட்டிஷ் ரசிகர்கள் பார்த்த அமெரிக்க ஃபுட்பால்

நண்பர்களே, வணக்கம்.

அமெரிக்க ஃபுட்பாலின் முதன்மை லீகான என்எஃப்எல்லின் ஆட்டம் லண்டனில் நடக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் வெம்பிளி மைதானத்துக்குப் போகும் பாதையில் நின்று பார்த்தால் ஒரு விஷயம் உடனே கண்ணில் படும். ஆடப்போவது இரண்டு அணிகள்தான். ஆனால் கூட்டத்தில் லீகின் 32 அணிகளின் சட்டைகளும் இருக்கும். மயாமி டால்ஃபின்ஸ் சட்டை போட்டவரும் சிகாகோ பேர்ஸ் சட்டை போட்டவரும் பேசிக்கொண்டே நடப்பார்கள். அன்றைக்கு ஆடுவது அந்த இரண்டு அணிகளுமே இல்லை. இவர்களில் பலர் முதல் நாள் தங்கள் கால்பந்து கிளப்பின் ஆட்டத்துக்குப் போய் வந்தவர்கள். அங்கே எதிரணிச் சட்டையோடு ஒருவர் உள்ளூர்க்காரர்கள் பகுதியில் உட்கார்ந்தால் மைதான ஊழியர்களே வந்து அவரை வெளியே அழைத்துப் போய்விடுவார்கள்.

இரண்டு உலகத்திலும் வாழ்கிற இந்த ரசிகர்கள் அமெரிக்க அணிகளை ஒப்பிடும்போது எதைத் தேடுகிறார்கள் என்பதுதான் இன்றைக்கு என் பேச்சு. ஒரு அணி யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு விடை தேடுகிறார்கள் என்பது என் எண்ணம். எந்த அணி பலமானது, எந்தக் கூட்டம் அதிகம் கத்துகிறது என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

முதலில் கொஞ்சம் வரலாறு. 1982 நவம்பரில் சேனல் 4 தொலைக்காட்சி தொடங்கியது. தொடங்கிய கையோடு அமெரிக்க ஃபுட்பாலைக் காட்ட ஆரம்பித்தது. இங்கிலாந்தின் கால்பந்துக்கு அது மோசமான காலம். மைதானங்கள் பழுதடைந்து கிடந்தன, வன்முறை இருந்தது, கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. 1985 மே மாதத்தில் பிராட்ஃபோர்டு மைதானத் தீயில் 56 பேர் இறந்தார்கள். அதே மாதம் பிரசெல்ஸில் ஹெய்செல் மைதானத்தில் 39 பேர் இறந்தார்கள். அந்த நாட்களில் ஞாயிறு மாலை வீட்டுக்குள் வந்த அமெரிக்க ஆட்டம் வேறு கிரகத்துச் சங்கதி மாதிரி இருந்தது. 1986 ஆகஸ்ட் 3 அன்று சிகாகோ பேர்ஸ், டல்லாஸ் கௌபாய்ஸ் இரண்டும் வெம்பிளிக்கு வந்து ஆடின. வெறும் பயிற்சி ஆட்டம்தான். 82,000க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். ‘ரெஃப்ரிஜிரேட்டர்’ என்று பட்டப்பெயர் கொண்ட பேர்ஸ் வீரர் வில்லியம் பெர்ரி அப்போது இங்கே வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர்.

கால்பந்தில் கிளப்பை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. அப்பாவும் ஊரும் கொடுத்துவிடுவார்கள். வெற்றி பெறுகிற அணியைத் தேடிப் போகிறவருக்கு அங்கே மரியாதை கிடையாது. அப்படி வளர்ந்தவர்கள்தான் அமெரிக்க ஆட்டம் வந்ததும் நட்சத்திர வீரர்களான டான் மரினோவைப் பார்த்து டால்ஃபின்ஸ் பக்கமும், ஜோ மான்டானாவைப் பார்த்து சான் பிரான்சிஸ்கோ 49எர்ஸ் பக்கமும் போனார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன், ஏனென்றால் அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். டால்ஃபின்ஸ் கடைசியாக சூப்பர் பவுல் என்ற லீகின் இறுதி ஆட்டத்தை வென்றது 1974 ஜனவரியில். மரினோவை நம்பிப் போனவர்கள் ஒரு கோப்பையைக்கூடப் பார்க்கவில்லை. இருந்தும் அவர்களில் பலர் நாற்பது வருடமாக அதே சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். பளபளப்பைப் பார்த்துத் தொடங்கிய பற்று பரம்பரைப் பற்றாகவே ஆகிவிட்டது. இப்போது அவர்கள் பிள்ளைகளும் போடுகிறார்கள்.

சரி, ஒப்பீட்டுக்கு வருவோம். எந்த ஊரிலும் ரசிகர் உள்ளவர்கள், எந்த ஊரிலும் வெறுப்பவர் உள்ளவர்கள் என்பதால் கௌபாய்ஸை மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு இணை வைப்பார்கள். இந்த ஜோடி சேர்க்கும் விளையாட்டு சுவாரசியமானதுதான், ஆனால் சீக்கிரமே அலுத்துவிடும். சத்தத்தைப் பற்றிய ஒப்பீட்டில் விஷயம் அதிகம் இருக்கிறது.

2014இல் கேன்சஸ் சிட்டியின் ஆரோஹெட் மைதானத்தில் 142.2 டெசிபல் சத்தம் பதிவானது. உலக சாதனை. இங்கிலாந்தின் எந்த மைதானமும் அருகில் வராது. ஆனால் அந்தச் சத்தம் எப்போது எழுகிறது என்று கவனிக்க வேண்டும். பந்து எதிரணியிடம் இருக்கும்போதுதான் கூட்டம் கத்துகிறது. எதிரணியின் ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக் கொடுக்கிற கட்டளை அவர் ஆட்களின் காதிலேயே விழக்கூடாது என்பது நோக்கம். தங்கள் அணியிடம் பந்து வந்ததும் அதே 70,000 பேரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். அங்கே சத்தம் போடுவதும் ஒரு வேலை. ஆட்டத்தின் முடிவை அது உண்மையிலேயே மாற்றும். சியாட்டில் அணி 1984இலேயே 12ஆம் எண் சட்டையை எந்த வீரருக்கும் கொடுப்பதில்லை என்று முடிவு செய்து ரசிகர்களுக்கு ஒதுக்கியது. களத்தில் நிற்கும் பதினொருவருக்கு அடுத்த ஆள் கூட்டம்தான் என்று அர்த்தம்.

பிரிட்டிஷ் ரசிகரின் பாட்டு அப்படி இல்லை. மூன்று கோல் பின்தங்கியிருக்கும்போதும் பாடுவார்கள், ஆட்டமே நின்றிருக்கும்போதும் பாடுவார்கள். அந்தப் பாட்டு பிறக்கிற இடம் பெரும்பாலும் வெளியூர் ரசிகர்கள் உட்காரும் மூலைதான். பிரீமியர் லீகில் வெளியூர் ரசிகர்களுக்கு அதிகபட்சம் 3,000 இடம் ஒதுக்க வேண்டும். சிறிய மைதானம் என்றால் பத்து சதவீதம். அந்தக் கூட்டம் ஒரே இடத்தில் நெருக்கி நிற்பதால்தான் பாட்டு ஒரே குரலாக எழுகிறது, எதிர்ப்பக்கமும் பதிலுக்குப் பாடுகிறது. அமெரிக்காவில் இப்படித் தனிப் பகுதி கிடையாது. சியாட்டிலிலிருந்து மயாமிக்கு 4,000 கிலோமீட்டருக்கு மேல். பேருந்து பிடித்துப் போய்வரும் தூரமா அது? வெளியூர்க்காரர்கள் அங்கங்கே கலந்துதான் உட்காருவார்கள். பெரும்பாலும் சண்டை வருவதில்லை. அதைப் பார்த்துப் பிரிட்டிஷ் ரசிகர் பொறாமைப்படுகிறார், பாட்டு இல்லையே என்று வருத்தமும் படுகிறார். இரண்டும் நியாயம்தான்.

பிரிட்டிஷ் ரசிகர்கள் அமெரிக்காவிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று பஃபலோ நகரத்தில் நடந்தது என்று நினைக்கிறேன். 1991 ஜனவரியில் பஃபலோ பில்ஸ் முதன்முறையாக சூப்பர் பவுலுக்குப் போனது. கடைசி நொடிகளில் ஸ்காட் நார்வுட் உதைத்த பந்து கம்பத்துக்கு வலப்பக்கமாகப் போய்விட்டது. ஒரே ஒரு புள்ளியில் தோல்வி. மறுநாள் ஊர் திரும்பிய அணியை வரவேற்க நயாகரா சதுக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். உதையைத் தவறவிட்ட அந்த மனிதரின் பெயரைச் சொல்லி, ஸ்காட் வேண்டும், ஸ்காட் வேண்டும் என்று முழங்கினார்கள். அவர் மேடைக்கு முன்னால் வந்து கண்கலங்கிப் பேசினார். அதற்கடுத்த மூன்று வருடமும் அந்த அணி இறுதி ஆட்டத்துக்குப் போய்த் தோற்றது. இன்றுவரை ஒரு சூப்பர் பவுல்கூட வெல்லவில்லை. கடும் பனியில் மைதானத்து இருக்கைகளைச் சுத்தம் செய்ய ஊர்க்காரர்கள் மண்வாரியோடு வந்ததும் பல முறை நடந்திருக்கிறது. இங்கிலாந்து தேசிய அணிக்காகப் பெனால்டி தவறவிட்டவர்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். 2021 ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்துக்குப் பிறகு மூன்று கறுப்பின இளைஞர்களுக்கு இணையத்தில் வந்த வசைகளை நினைத்துப் பாருங்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். பிரிட்டிஷ் ரசிகர் அமெரிக்காவைப் பார்த்து அதிர்ந்து நிற்கிற இடம், அணி ஊரை விட்டே போய்விடுவது.

1984 மார்ச் 28 இரவு பால்டிமோர் கோல்ட்ஸ் அணியின் சாமான்களை லாரிகளில் ஏற்றி, பனி பெய்கிற இருட்டோடு இருட்டாக இண்டியானாபொலிஸ் நகரத்துக்குக் கொண்டு போய்விட்டார்கள். அணியை அரசு கையகப்படுத்த வழி செய்யும் சட்டம் மேரிலாந்து சட்டமன்றத்தில் நகர்ந்துகொண்டிருந்தது, அதனால்தான் அவ்வளவு அவசரம். காலையில் எழுந்தவர்களுக்கு அணி இல்லை. ஆனால் அணியின் வாத்தியக் குழு கலையவில்லை. என்எஃப்எல் அணியே இல்லாத ஊரில் பன்னிரண்டு வருடம் அந்தப் பெயரோடு வாசித்துக்கொண்டிருந்தார்கள். புது மைதானம் வேண்டுமென்று சட்டமன்ற உறுப்பினர்கள் முன்னாலும் போய் வாசித்தார்கள்.

1996இல் பால்டிமோருக்கு மறுபடி அணி கிடைத்தது. எங்கிருந்து? கிளீவ்லாந்திலிருந்து. பிரௌன்ஸ் அணியின் உரிமையாளர் ஆர்ட் மோடெல் 1995 நவம்பரில் இடமாற்றத்தை அறிவித்தார். அந்த டிசம்பரில் நடந்த கடைசி உள்ளூர் ஆட்டத்தில் ரசிகர்கள் இருக்கைகளைப் பெயர்த்துக் களத்தில் வீசினார்கள். ஒரு ஊரின் காயம் ஆறுவதற்கு இன்னொரு ஊரில் அதே காயம் ஏற்பட வேண்டியிருந்தது. கிளீவ்லாந்து மக்கள் போராடி ஒன்றைச் சாதித்தார்கள். பிரௌன்ஸ் என்ற பெயர், நிறம், வரலாறு எல்லாம் ஊரிலேயே இருக்கும் என்று ஒப்பந்தம் ஆனது. 1999இல் லீக் புது அணி கொடுத்தது.

இதை லண்டனில் நடந்ததோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2002 மே மாதம் விம்பிள்டன் கால்பந்து கிளப் 90 கிலோமீட்டர் தள்ளி மில்டன் கீன்ஸ் போகலாம் என்று ஒரு ஆணையம் அனுமதித்தது. ரசிகர்கள் லீகின் தயவுக்குக் காத்திருக்கவில்லை. சில வாரங்களிலேயே ஏஎஃப்சி விம்பிள்டன் என்று சொந்தக் கிளப் தொடங்கினார்கள். பொதுப் புல்வெளியில் வீரர்களைத் தேர்வு செய்தார்கள். ஒன்பதாம் நிலை லீகில் ஆரம்பித்து, ஒன்பது வருடத்தில் ஐந்து முறை மேலேறி, 2011இல் ஆங்கிலக் கால்பந்து லீகின் நான்காம் நிலைக்குள் நுழைந்தார்கள். 2020இல் கிளப்பின் பழைய மைதானம் இருந்த பிளவ் லேன் பகுதிக்கே திரும்பினார்கள்.

கிளீவ்லாந்து ரசிகர்களால் இதைச் செய்திருக்க முடியாது. அவர்களுக்குப் பற்று குறைவு என்பதால் இல்லை. என்எஃப்எல்லுக்குக் கீழே ஏறி வரப் படியே கிடையாது. கடைசி இடம் வந்தாலும் அணி கீழே இறங்காது, எவ்வளவு வென்றாலும் வெளியாள் உள்ளே வர முடியாது. கீழ் லீகுக்கு இறக்குவது கொடுமை என்று சொல்லும் அமெரிக்க நண்பர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்: அந்த முறை இருப்பதால்தான் விம்பிள்டன் ரசிகர்களுக்கு நுழைய ஒரு வாசல் இருந்தது.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். என்எஃப்எல்லில் தேசியத் தொலைக்காட்சிப் பணம் எல்லா அணிக்கும் சமமாகப் பிரிகிறது. 1994 முதல் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருக்கிறது. கடைசி இடம் பெற்ற அணிக்குத்தான் புது வீரர்களில் முதல் தேர்வு. 1992இல் தொடங்கிய பிரீமியர் லீகை 2025 வரை வென்றது ஏழே கிளப்புகள். அதே காலத்தில் சூப்பர் பவுல் வென்றது 15 அணிகள். முதலாளித்துவ நாடு என்று நாம் சொல்லும் இடத்தில் பங்கீடு இருக்கிறது. தொழிலாளி வர்க்கத்தின் ஆட்டம் என்று பெருமைப்படும் இடத்தில் பணம் உள்ளவனே வெல்கிறான்.

அப்புறம் கிரீன் பே. விஸ்கான்சின் மாநிலத்தில் சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் ஊர். பேக்கர்ஸ் அணி 1923 முதல் ஊர்மக்களின் பங்கில் நடக்கிறது. இன்றைக்குப் பங்குதாரர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல். ஈவுத்தொகை கிடையாது, லாபத்துக்கு விற்க முடியாது, ஒருவரே வளைத்துப் போடவும் முடியாது. அதனால் அணியைத் தூக்கிக்கொண்டு போக ஒரு முதலாளியே இல்லை. பிரிட்டிஷ் ரசிகர்கள் பலர் இந்த அணியைப் பற்றிப் பேசும்போது குரலிலேயே ஒரு ஏக்கம் தெரியும். ஆனால் இப்படி இன்னொரு அணி உருவாக முடியாது. ஒவ்வொரு அணியிலும் ஒரு முதன்மை உரிமையாளரோ அவர் குடும்பமோ குறைந்தது 30 சதவீதம் வைத்திருக்க வேண்டும் என்பது லீகின் விதி. கிரீன் பே பழைய அணி என்பதால் விதிவிலக்கு.

அமெரிக்க உரிமையாளர்களை இங்கிலாந்தும் நேரடியாக அறியும். என்எஃப்எல்லின் டாம்பா பே அணியை வைத்திருக்கும் கிளேசர் குடும்பம் 2005இல் கடன் வாங்கி மான்செஸ்டர் யுனைடெட்டை வாங்கியது, கடன் கிளப்பின் தலையில் ஏறியது. ஆர்சனலின் உரிமையாளர் ஸ்டான் குரோன்கேதான் 2016இல் ராம்ஸ் அணியை செயின்ட் லூயிஸிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு மாற்றியவர். 2021 ஏப்ரலில் ஐரோப்பிய சூப்பர் லீக் அறிவிக்கப்பட்டபோது அதில் ஆறு ஆங்கிலக் கிளப்புகள், அவற்றில் மூன்று அமெரிக்கர்கள் கையில். தொடங்கிய கிளப்புகள் ஒருபோதும் கீழே இறங்காத, கிட்டத்தட்டக் கதவடைத்த லீக். ரசிகர்கள் தெருவுக்கு வந்தார்கள், இரண்டே நாளில் ஆறு கிளப்புகளும் பின்வாங்கின. அமெரிக்க அணிகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தத் திட்டம் எங்கே கொண்டுபோய் விடும் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்தக் கோபத்தின் விளைவாக 2025 ஜூலையில் கால்பந்து நிர்வாகச் சட்டம் வந்தது. கிளப்பின் மைதானத்தை விற்பதற்கும் இடம் மாற்றுவதற்கும் அந்தச் சட்டப்படி தனி ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதி வேண்டும். ரசிகர்களிடம் கருத்துக் கேட்பதும் கடமை.

அமெரிக்காவிலும் இப்படி ஒரு முயற்சி நடந்தது. பிரௌன்ஸ் போன பிறகு ஒஹாயோ மாநிலம் ஒரு சட்டம் போட்டது, மோடெல் சட்டம் என்று பெயர். வரிப்பணத்தில் கட்டிய மைதானத்தில் ஆடும் அணி வெளியேற வேண்டுமானால் ஆறு மாதம் முன்னறிவிப்புத் தர வேண்டும், உள்ளூர்க்காரர்கள் வாங்கவும் வாய்ப்புத் தர வேண்டும். 2017இல் கொலம்பஸ் கால்பந்து அணியை டெக்சாஸுக்குக் கொண்டுபோகப் பார்த்தபோது ரசிகர்கள் இயக்கம் நடத்தினார்கள். இந்தச் சட்டம் அவர்களுக்குக் கைகொடுத்தது, அணி ஊரிலேயே தங்கியது. முன்வந்து வாங்கியவர்களில் முக்கியமானவர்கள் ஹாஸ்லம் குடும்பத்தினர், இன்றைய பிரௌன்ஸ் உரிமையாளர்கள். அதே குடும்பம் இப்போது பிரௌன்ஸை கிளீவ்லாந்து நகரத்தின் ஏரிக்கரையிலிருந்து புரூக் பார்க் என்ற புறநகருக்கு மாற்றுகிறது. 2025 கோடையில், லண்டனில் ரசிகர்களுக்காகச் சட்டம் நிறைவேறிய அதே வாரங்களில், மாநிலத்தை விட்டு வெளியேறும் அணிகளுக்கு மட்டுமே பொருந்தும்படி ஒஹாயோ அந்தச் சட்டத்தைத் தளர்த்தியது. 60 கோடி டாலர் பொதுப்பணமும் புது மைதானத்துக்கு ஒதுக்கியது.

நன்றி, வணக்கம்.