விவாதம் முடிந்த இரவும் அதற்குப் பிறகும்

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

இன்று நான் பேச வந்திருப்பது அமெரிக்காவில் தோற்றுப்போன ஒரு வேட்பாளரைப் பற்றி. அவரைவிட, அவருக்காக ராத்திரி பகலாக உழைத்த ஆதரவாளர்களைப் பற்றி. அவர் பெயர் ரான் பால். டெக்சாஸ் மாநிலத்தின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர், தொழிலால் மகப்பேறு மருத்துவர். அவருடைய பொருளாதாரக் கொள்கைகளில் பலவற்றை நான் ஏற்கவில்லை. ஆனால் ஒரு விவாத மேடையைப் பார்த்துவிட்டு ஆதரவாளர்கள் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதற்கு அவருடைய ஆட்களைப் போல முழுமையான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நம் ஊரில் வேட்பாளர் யார் என்று கட்சித் தலைமை அறிவித்துவிடும். அங்கே ஒரே கட்சிக்குள் பத்துப் பேர் நின்று, மாநிலம் மாநிலமாக வாக்குக் கேட்டு, ஜெயித்தவர்தான் அதிபர் வேட்பாளராக முடியும். இதைத்தான் முதன்மைத் தேர்தல் என்கிறோம். எல்லோரும் ஒரே கொடியின் கீழ் நிற்பவர்கள். ஆகவே கொடியைப் பார்த்து ஓட்டுப் போட வழியில்லை, ஆளைப் பார்த்துத்தான் போட வேண்டும். தொலைக்காட்சி விவாதத்துக்கு அங்கே இவ்வளவு மதிப்பு வந்ததற்கு இது முக்கியமான காரணம்.

சரி, 2007 மே 15-க்கு வருவோம். தென் கரோலினாவின் தலைநகர் கொலம்பியா. குடியரசுக் கட்சியின் பத்து வேட்பாளர்கள் மேடையில் நிற்கிறார்கள். ஃபாக்ஸ் நியூஸ் நடத்துகிறது. ஈராக்கில் போர் நான்கு ஆண்டுகளாக நடந்துகொண்டிருக்கிறது. அந்தப் போரைத் தொடங்கியது அதே கட்சியின் அதிபர். பத்துப் பேரில் 2002-இல் அந்தப் போருக்கு எதிராக நாடாளுமன்றத்தில் வாக்களித்தவர் பால் ஒருவர்தான்.

பிற நாடுகளில் தலையிடக்கூடாது என்ற உங்கள் கொள்கை செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகும் மாறவில்லையா என்று கேட்டார்கள். அவர்கள் ஏன் நம்மைத் தாக்கினார்கள் என்பதைப் படித்திருக்கிறீர்களா, நாம் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறோம், பத்து ஆண்டுகளாக ஈராக்கின் மீது குண்டு போட்டுக்கொண்டிருக்கிறோம் என்று பதில் சொன்னார் பால். அப்படியானால் தாக்குதலை நாமே வரவழைத்துக்கொண்டோம் என்கிறீர்களா என்று கேள்வி கேட்டவர் திருப்பிக் கேட்டார். தாக்கியவர்கள் சொல்லும் காரணத்தைக் காதுகொடுத்துக் கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன் என்றார் பால்.

இந்த இடத்தில் ரூடி ஜூலியானி குறுக்கிட்டார். தாக்குதல் நடந்த அன்று நியூயார்க்கின் மேயர் அவர். அன்றைக்குக் கருத்துக்கணிப்புகளில் முன்னணியில் இருந்தவரும் அவர்தான். செப்டம்பர் 11-க்கு இப்படி ஒரு விளக்கத்தை நான் கேட்டதே இல்லை, இந்தப் பேச்சை அவர் திரும்பப் பெற வேண்டும் என்றார். அரங்கம் கைதட்டலில் அதிர்ந்தது.

பாலுக்கு அப்போது வயது 71. குரல் மெல்லிய குரல். கோட்டு எப்போதும் ஒரு அளவு பெரிதாகத் தொங்கும். அந்தக் கைதட்டலுக்கு நடுவில் அவர் பின்வாங்கவில்லை. 1953-இல் ஈரானில் நாம் தலையிட்டு ஷாவைக் கொண்டுவந்து உட்கார வைத்தோம், அதன் எதிர்வினைதான் பின்னால் நம் ஆட்களைப் பிணைக்கைதிகளாகப் பிடித்தது என்று வரலாறு சொல்லத் தொடங்கினார். நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது, கூட்டம் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டது, இவர் 1953-க்குப் போகிறார்! மேடைப் பேச்சு தெரிந்த யாரும் இதைச் செய்ய மாட்டார்கள். அவர் செய்தார். அதற்காக எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு.

அந்த இரவு ஜூலியானி ஜெயித்துவிட்டார் என்று எழுதியவர்களே அதிகம். மிச்சிகன் மாநிலக் கட்சித் தலைவர், இனிமேல் பாலை விவாதங்களில் சேர்க்கக்கூடாது என்று மனு எழுதப்போவதாக அறிவித்தார். எதிர்ப்பு கிளம்பியதும் கைவிட்டார். ஆனால் அதே இரவில் ஃபாக்ஸ் நடத்திய குறுஞ்செய்தி வாக்கெடுப்பில் மிட் ராம்னி முதலிடம், பால் இரண்டாமிடம். ஜூலியானி மூன்றாவதுதான் வந்தார்.

இங்கேதான் ஆதரவாளர்கள் கதைக்குள் வருகிறார்கள். அந்த வாக்கெடுப்பைக் கண்டவர்களில் பலர், பால் ஆட்கள் திட்டமிட்டு வாக்குகளைக் குவிக்கிறார்கள் என்றார்கள். உண்மைதான், குவித்தார்கள். ஆனால் குவிக்கும் அளவுக்கு அவர்களுக்கு ஆத்திரம் எங்கிருந்து வந்தது? அவர்களில் பலர் அதுவரை எந்த வேட்பாளரையும் ஆதரித்தவர்கள் இல்லை. கல்லூரி மாணவர்கள் இருந்தார்கள், ராணுவத்தில் வேலை செய்தவர்கள் இருந்தார்கள். போரைப் பற்றித் தாங்கள் மனதுக்குள் நினைத்ததை ஒருவர், அதுவும் அந்தக் கட்சியின் மேடையிலேயே, சொல்லிவிட்டார். சொன்னதற்காக அவரை வாயை மூடச் சொல்கிறார்கள். தனக்குப் பிடித்த மனிதரை நாலு பேர் முன்னால் ஒருவர் அவமானப்படுத்தினால் வரும் கோபம் இருக்கிறதே, அதைவிட வேகமாக ஆள் சேர்க்கும் கருவி அரசியலில் வேறு கிடையாது. ஜூலியானியின் அந்த முப்பது நொடிகள் பாலுக்குக் கிடைத்த பெரிய நன்கொடை.

நிஜமான நன்கொடையும் வந்தது. 2007 நவம்பர் 5 அன்று ஒரே நாளில் 40 லட்சம் டாலருக்கு மேல். அதைத் திட்டமிட்டது பாலின் பிரச்சார அலுவலகம் இல்லை, வெளியில் இருந்த ஆதரவாளர்கள். டிசம்பர் 16, பிரிட்டிஷ் வரியை எதிர்த்து நடந்த பாஸ்டன் தேநீர்க் கலகத்தின் ஆண்டு நாள், மறுபடியும் செய்தார்கள். அன்று 60 லட்சம் டாலர். அந்த ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில் அவருக்கு வந்த தொகை கிட்டத்தட்ட 2 கோடி டாலர். குடியரசுக் கட்சி வேட்பாளர் வேறு யாருக்கும் அந்தக் காலாண்டில் அவ்வளவு நன்கொடை சேரவில்லை. சின்னச் சின்னத் தொகையாகக் கொடுத்தவர்கள் சேர்த்துக் கட்டிய பணம் அது. வானத்தில் பாலின் பெயரோடு ஒரு ஆகாயக் கப்பலையே பறக்கவிட்டார்கள்.

ஆனால் இதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. அக்டோபரில் மிச்சிகனின் டியர்பார்ன் நகரில் சி.என்.பி.சி. தொலைக்காட்சி ஒரு விவாதம் நடத்தியது. வழக்கம்போல யார் ஜெயித்தார் என்று இணையத்தில் வாக்கெடுப்பு. பால் 75 சதவீதம் வாங்கினார். அந்த நிறுவனம் வாக்கெடுப்பையே எடுத்துவிட்டது. ஆதரவாளர்கள் கொதித்தார்கள். எங்கள் குரலை நெரிக்கிறார்கள் என்றார்கள். எனக்கு இதில் அந்த நிறுவனத்தைப் பாராட்டத் தோன்றவில்லை. வாக்கெடுப்பு வைத்தால் முடிவை வெளியிட வேண்டும். ஆனாலும் ஆதரவாளர்களிடம் கேட்க எனக்கு ஒரு கேள்வி உண்டு. அந்த 75 சதவீதத்தைப் பார்த்து யாருடைய மனம் மாறியது? ஏற்கெனவே நம்மோடு இருப்பவர்கள் பத்து முறை பொத்தானை அழுத்தியதால், முதலில் வாக்களிக்கவிருந்த அயோவா மாநிலத்தில் பண்ணை வைத்திருக்கும் ஒரு பெரியவர் தன் வாக்கை மாற்றிக்கொள்வாரா?

2008 ஜனவரி 3 அன்று பதில் கிடைத்தது. அயோவாவில் பாலுக்கு 10 சதவீதம், ஐந்தாமிடம். ஐந்து நாள் கழித்து நியூ ஹாம்ப்ஷயரில் சுமார் 8 சதவீதம். பணம் இருந்தது, உற்சாகம் இருந்தது, விவாதத்துக்கு விவாதம் இணையத்தில் வெற்றி இருந்தது. வாக்கு இல்லை. சில மாநிலங்களில் இன்னொரு கொடுமை. கட்சியில் பதிவு செய்தவர்கள் மட்டுமே முதன்மைத் தேர்தலில் வாக்களிக்க முடியும். நியூயார்க் போன்ற இடத்தில் அந்தப் பதிவைப் பல மாதங்களுக்கு முன்பே மாற்றியிருக்க வேண்டியிருந்தது. புதிதாக வந்த இளைஞர்களில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்?

ஜூலியானிக்கும் அரங்கத்தின் கைதட்டல் உதவவில்லை. அயோவாவில் பாலுக்குப் பின்னால் வந்தார். ஜனவரி கடைசியில் ஃப்ளோரிடாவில் மூன்றாமிடம் வந்து விலகினார். கொலம்பியா விவாதம் நடந்து ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2016 பிப்ரவரி 13, அதே தென் கரோலினாவில் இன்னொரு விவாதம். அதே ஈராக் போர். பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாகப் பொய் சொன்னார்கள் என்று டொனால்ட் டிரம்ப் சொன்னபோது அரங்கம் அவரைக் கூச்சல் போட்டு அடக்கப் பார்த்தது. ஒரு வாரத்தில் அந்த மாநிலத்தில் டிரம்ப் ஜெயித்தார். போட்டியில் இருந்த ஜெப் புஷ், போரைத் தொடங்கிய அதிபரின் தம்பி, அன்றிரவே விலகினார். அரங்கத்துக்குள் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் கட்சிக்காரர்கள், நுழைவுச்சீட்டு கிடைத்தவர்கள். வீட்டில் பார்க்கிறவர்களின் மனம் அங்கே ஒலிப்பதில்லை.

அரங்கத்தில் எழுந்த கத்தல் பாலுக்கே தீங்கு செய்த ஒரு இரவையும் சொல்ல வேண்டும். 2011 செப்டம்பர் 12, ஃப்ளோரிடாவின் டாம்பா. பால் மறுபடியும் போட்டியிடுகிறார். நெறியாளர் வுல்ஃப் பிளிட்சர் அவரிடம் ஒரு கேள்வி கேட்கிறார். நல்ல வேலையில் இருக்கும் முப்பது வயது இளைஞர், மருத்துவக் காப்பீடு வேண்டாம் என்று விட்டுவிட்டார், திடீரென்று கோமாவில் விழுந்துவிட்டார், யார் பணம் கட்டுவது? அவரவர் முடிவுக்கு அவரவர் பொறுப்பு, அதுதான் சுதந்திரம் என்கிறார் பால். கைதட்டல். அப்படியானால் அவரைச் சாகவிட்டுவிட வேண்டுமா என்று பிளிட்சர் கேட்கிறார். பால் வாயைத் திறப்பதற்குள் கூட்டத்திலிருந்து சிலர், ஆமாம் என்று கத்தினார்கள்.

பால் சொன்ன பதில், இல்லை. அறுபதுகளில் சான் அன்டோனியோவில் ஒரு தேவாலய மருத்துவமனையில் வேலை பார்த்தேன், பணமில்லை என்று யாரையும் திருப்பி அனுப்பியதில்லை என்றார். அந்தப் பதிலை மறுநாள் யார் பேசினார்கள்? அந்தக் கத்தலைத்தான் நாடு முழுக்கப் பேசினார்கள். இதில் என்னை மிகவும் வருத்திய விஷயம் வேறு. பாலின் 2008 பிரச்சாரத்தை நடத்தியவர் 2008 ஜூன் மாதமே நிமோனியாவில் இறந்தார். அவருக்குக் காப்பீடு கிடையாது. சுமார் 4 லட்சம் டாலர் மருத்துவக் கடன் நின்றது. அதைக் கட்ட நண்பர்களும் ஆதரவாளர்களும்தான் பணம் திரட்டினார்கள். கத்தியவர்கள் யாருடைய ஆட்கள் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அப்படிப்பட்ட கத்தலை உடனே எழுந்து கண்டிப்பதுதான், அந்தப் பணத்தைத் திரட்டியவர்களுக்கு உண்மையாக இருப்பது என்று நான் நினைக்கிறேன்.

அப்புறம், இந்த ஆதரவாளர்கள் கற்றுக்கொள்ளவில்லையா என்று கேட்பீர்கள். கற்றுக்கொண்டார்கள். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

அயோவாவில் வாக்களிப்பு எப்படி நடக்கும் தெரியுமா? குளிர்கால இரவில் பள்ளிக்கூடத்திலும் தேவாலயத்திலும் மக்கள் கூடுவார்கள். ஒவ்வொரு வேட்பாளருக்காகவும் அந்த வட்டாரத்து மனிதர் ஒருவர் எழுந்து இரண்டு வார்த்தை பேசுவார். சீட்டில் எழுதிப் போடுவார்கள். எண்ணி முடித்ததும் பெரும்பாலோர் கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். ஆனால் கூட்டம் அதோடு முடிவதில்லை. மாவட்ட மாநாட்டுக்கு யார் போவது என்று அதற்குப் பிறகுதான் தேர்ந்தெடுப்பார்கள். அங்கிருந்து மாநில மாநாடு, கடைசியில் தேசிய மாநாடு. கட்சியின் அதிபர் வேட்பாளரை முறைப்படி தேர்ந்தெடுப்பது அங்கே போகும் பிரதிநிதிகள்தான்.

2012-இல் பாலின் ஆட்கள் வீட்டுக்குப் போகவில்லை, உட்கார்ந்திருந்தார்கள். அதற்கு முன்பு வீடு வீடாகப் போயிருந்தார்கள். அயோவாவில் 10 சதவீதம் 21 ஆனது. நியூ ஹாம்ப்ஷயரில் 8 சதவீதம் 23 ஆகி இரண்டாமிடம் கிடைத்தது. விவாதத்தில் பால் அப்போதும் பெரிய பேச்சாளராகிவிடவில்லை. அதே மெல்லிய குரல், அதே பெரிய கோட்டு. மாறியது ஆதரவாளர்களின் வேலை. அந்தக் கோடையில் டாம்பாவில் தேசிய மாநாடு கூடியபோது, அயோவாவில் மூன்றாமிடம் வந்த வேட்பாளருக்கு அந்த மாநிலத்தின் 28 பிரதிநிதிகளில் 22 பேர் வாக்களித்தார்கள்.

கட்சித் தலைமை இதை ரசிக்கவில்லை. மெய்ன் மாநிலத்திலிருந்து வந்த பாலின் பிரதிநிதிகளில் பாதிப் பேரை மாற்றி, அந்த முறை கட்சியின் வேட்பாளரான ராம்னியின் ஆட்களை உட்கார வைத்தார்கள். மற்றவர்கள் எதிர்ப்புத் தெரிவித்து வெளியேறினார்கள். இனிமேல் மாநில வாக்கு முடிவுக்குப் பிரதிநிதிகள் கட்டுப்பட வேண்டும் என்று விதியையும் மாற்றினார்கள். 2007-இல் குறுஞ்செய்தி அனுப்பியபோது எந்த விதியும் மாறவில்லை. பள்ளிக்கூட நாற்காலியில் கடைசிவரை உட்கார்ந்திருந்தபோதுதான் மாற்ற வேண்டி வந்தது.

நன்றி, வணக்கம்.