புத்தகம் படிக்காமல் போடும் ஓட்டு

எல்லோருக்கும் வணக்கம். சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஓட்டுச் சீட்டைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறீர்கள். சுருக்கமாகவே பேசிவிடுகிறேன்.

தேர்தலுக்கு முன்னால் இந்தக் கலிஃபோர்னியாவில் நம் வீட்டுக்குத் தபாலில் ஒரு புத்தகம் வரும், வாக்காளர் கையேடு. 2016 நவம்பரில் 17 முன்மொழிவுகள், அதாவது ஜனங்களே 'ஆம்', 'இல்லை' என்று ஓட்டுப் போட்டு முடிவு செய்யும் சட்டக் கேள்விகள். கையேடு 224 பக்கம். அது என்ன ஆகிறது? பீட்சா கூப்பன்களோடு சமையலறை மேடையில் கிடக்கும். கடைசி நாள் ராத்திரி தேடுவோம். என் வீட்டிலும் இதே கதைதான். பேச வந்தவன் படித்திருப்பான் என்று நினைத்துவிடாதீர்கள். சரி, படிக்காமல் நாம் எப்படித்தான் முடிவு செய்கிறோம்?

இப்படி ஜனங்களே சட்டத்துக்கு ஓட்டுப் போடுவது 1911இல் ஆளுநர் ஹைரம் ஜான்சன் காலத்தில் வந்த ஏற்பாடு. அன்றைக்குச் சதர்ன் பசிஃபிக் ரயில்வே கம்பெனி வைத்ததுதான் சட்டமன்றத்தில் சட்டம். அந்தப் பிடியை உடைக்க மக்களே நேரடியாகச் சட்டம் போடட்டும் என்றார்கள். கம்பெனிகளை வெளியே தள்ளத் திறந்த கதவு அது. இப்போது கம்பெனிகளும் அதே கதவு வழியாக உள்ளே வருகின்றன.

1988ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கார் காப்பீட்டுக் கட்டணம் தாங்க முடியாமல் ஜனங்கள் கொதித்துப் போயிருந்தார்கள். ஒரே சீட்டில் காப்பீடு பற்றி ஐந்து முன்மொழிவுகள். சில காப்பீட்டுக் கம்பெனிகள் கொண்டுவந்தவை, ஒன்று வழக்கறிஞர்கள் ஆதரித்தது, இன்னொன்று, ப்ராப் 103, அதாவது 103ஆம் எண் முன்மொழிவு, நுகர்வோர் தரப்பினுடையது. ஐந்தையும் படித்துப் புரிந்துகொள்ள வக்கீலுக்கே ஒரு வாரம் வேண்டும். காப்பீட்டுத் துறை 6 கோடி டாலருக்கு மேல் கொட்டியது. ஆனால் ஜெயித்தது 103 மட்டும், 51 சதவீதத்தில்.

ஆர்தர் லூபியா என்ற அரசியல் அறிஞர், ஓட்டுப் போட்டுவிட்டு வந்தவர்களின் பதில்களை வைத்து இதை ஆராய்ந்தார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அதிகம் தெரியாதவர்கள்கூட, காப்பீட்டுக் கம்பெனிகள் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரிந்திருந்தால், விவரமாகப் படித்தவர்களைப் போலவே ஓட்டுப் போட்டிருந்தார்கள். எதிரி எந்தப் பக்கம் நிற்கிறான் என்று தெரிந்தால் போதும் என்கிற கணக்கு.

அப்படியென்றால் 2020இல் ப்ராப் 22 எப்படி ஜெயித்தது? ஊபர், லிஃப்ட் போன்ற கம்பெனிகள் தங்கள் ஓட்டுநர்களை ஊழியர்கள் என்று கருதக்கூடாது என்று கேட்டுக் கொண்டுவந்தது அது. 20 கோடி டாலருக்கு மேல் செலவு. சுமார் 59 சதவீத ஆதரவு. பின்னால் யார் என்பது ஒளிவுமறைவே இல்லை. என் எண்ணம் இது: 1988இல் கம்பெனி என்றால் மாதாமாதம் வந்த பில். 2020இல் கம்பெனி என்றால் ராத்திரி விமான நிலையத்திலிருந்து வீடு சேர்த்த கார். அந்தக் காரைக் கூப்பிடும் ஆப்பிலேயே 'ஆம் போடுங்கள்' என்று செய்தியும் வந்தது!

அப்புறம், வார்த்தை. அதே 2020இல் ப்ராப் 25. பணம் கட்டி ஜாமீனில் வரும் முறையை ஒழித்துச் சட்டமன்றம் போட்ட சட்டத்தை வைத்துக்கொள்ளலாமா என்று கேள்வி. எதிர்த்து மனுப் போட்டவர்கள் ஜாமீன் தொழிலில் இருந்தவர்கள். ஆனால் 'ஆம்' என்றால் அவர்களுக்கு எதிர். மனுப் போட்டவர்கள் பக்கம் நிற்க வேண்டுமானால் 'இல்லை' போட வேண்டும். தலை சுற்றுகிறதா?

2024இல் ப்ராப் 6. சிறைக் கைதிகளிடம் கட்டாய வேலை வாங்க இடம்தரும் பிரிவை நீக்கச் சொன்னது. கையேட்டில் எதிர்த்து ஒருவர்கூட வாதம் எழுதித் தரவில்லை. ஆனாலும் 53 சதவீதம் பேர் 'இல்லை' என்றார்கள். அதே நாளில் பக்கத்து நெவாடாவில் இதே மாதிரிக் கேள்வி சுகமாக ஜெயித்தது. அங்கே சீட்டில் 'அடிமைத்தனம்' என்ற சொல் இருந்தது; இங்கே இல்லை. குற்றங்கள் மேல் அந்த வருடம் இங்கே இருந்த கோபமும் ஒரு காரணம்தான். இருந்தாலும் அந்த ஒரு சொல்லை நான் லேசாக எடுத்துக்கொள்ளமாட்டேன்.

முன்மொழிவைச் சீட்டில் ஏற்றும் மனுவுக்குக் கையெழுத்து வாங்க மளிகைக் கடை வாசலில் அட்டையும் பேனாவுமாக ஒருவர் நிற்பாரே, அவருக்குக் கையெழுத்துக்கு இவ்வளவு என்று கூலி இருக்கலாம். கூலிக்குத்தான் வாங்குகிறாரா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு என்று அந்த மனுவிலேயே அச்சிட்டிருக்கும். பெரிய தொகை கொடுத்தவர்களின் பட்டியலையும் கேட்கலாம். போன முறை நான் கேட்டேன். பையன் மரியாதையாகப் பைக்குள் தேடி, கசங்கிய தாள் ஒன்றை எடுத்து நீட்டினான். அதற்குள் எனக்குப் பின்னால் பால் கேனோடு நின்றவர் மூன்று மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காருக்குப் போய்விட்டார்.