ஆச்சியின் கல்சட்டியும் 1,501 ரூபாய் பரிகாரமும்

வணக்கம், காரைக்குடியிலிருந்து பேசுகிறேன். வத்தக்குழம்பு வீடியோவில் ஒரு கல்சட்டி காட்டினேனே, அது எதிர்வீட்டு ஆச்சியிடம் இரவல் வாங்கியது. அன்றைக்கே உடைத்துவிட்டேன். கொதிக்கக் கொதிக்க இறக்கி ஈரத் தரையில் வைத்தேன். ‘டிக்’கென்று ஒரு சத்தம், அடியில் குறுக்கே விரிசல், குழம்பெல்லாம் தரையில். மூன்று வாரமாகச் சொல்லவில்லை. ஆச்சி கேட்டபோது, “இன்னும் புழங்கிக்கொண்டிருக்கிறேன் ஆச்சி” என்று பொய் வேறு சொன்னேன். அதுதான் உறுத்தியது.

இந்த நேரம் பார்த்து ஃபோனில் ஒரு விளம்பரம்: பொய் சொன்ன தோஷத்துக்குப் பரிகாரம், 1,501 ரூபாய், பிரசாதம் கூரியரில் வரும். எனக்கு அப்படி ஒரு கோபம்! பரிகாரமே கூடாது என்று சொல்லவில்லை. ராமேசுவரத்தில் 22 தீர்த்தமும் ஆடிவிட்டு வந்ததை நீங்களே பார்த்தீர்கள். ஆனால் போனது ஆச்சியின் சட்டி. 1,501 ரூபாயை எங்கேயோ கட்டினால் ஆச்சிக்கு என்ன வரும்?

சரி, சட்டிக்கு வருகிறேன். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளில் ஏறி இறங்கினேன். முதல் கடையில் 1,800. அடுத்ததில் 1,400, ஆனால் விளிம்பு சில்லு பெயர்ந்திருந்தது. மூன்றாவது கடை பாய் 1,350 சொல்லி, பேசிப் பேசி 1,100க்குக் கொடுத்தார். பழகின சட்டி, உள்ளே எண்ணெய் ஏறிக் கறுகறுவென்று இருக்கிறது, 1,100! புதுச்சட்டி என்றால் விளக்கெண்ணெயும் மஞ்சளும் தடவி, கஞ்சி ஊற்றி நாள்கணக்கில் பழக்க வேண்டும்.

சொல்ல மறந்துவிட்டேன், உடைந்த சட்டியின் வாயை நூலால் அளந்து கொண்டுபோயிருந்தேன். எதற்கு நூல் என்று பாய் கேட்டதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இஸ்லாத்தில் தவ்பா, அதாவது பாவமன்னிப்புக் கேட்பது என்றால் தப்பை விட வேண்டும், வருந்த வேண்டும், இனிச் செய்வதில்லை என்று உறுதி எடுக்க வேண்டும் என்றார். இன்னொரு மனுஷருக்குச் சேர வேண்டியது என்றால் அதை அவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். சத்தியத்தை முறித்தால் பத்து ஏழைகளுக்குச் சாப்பாடோ துணியோ, முடியாதவருக்கு மூன்று நாள் நோன்பு.

மற்ற மதங்களில் பரிகாரம் எப்படி என்று வீட்டுக்கு வந்து இரவெல்லாம் படித்தேன். யூதர்களுக்குப் பாவம் தீர யோம் கிப்பூர் என்று வருடத்துக்கு ஒரு முழுநாள் உபவாசம். ஆனால் சக மனிதனுக்குச் செய்த தப்பு, அவனைச் சமாதானப்படுத்தும்வரை அந்த நாளாலும் தீராது என்று அவர்களுடைய பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். கிறிஸ்தவத்தில் பாவத்துக்கு ஈடு சிலுவையில் இயேசு கொடுத்தது, மனிதனால் சம்பாதிக்க முடியாதது. அப்படியும் பைபிளில் வரி வசூலித்த சகேயு, ஏமாற்றி வாங்கியிருந்தால் நாலு மடங்காகத் தருகிறேன் என்கிறார். மனுஸ்மிருதியில் எனக்குப் பிடிக்காதது ஏராளம். ஆனால் 11ஆம் அத்தியாயத்தில், சின்னத் திருட்டு என்றாலும் பொருளைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் பிராயச்சித்த விரதம். விளம்பரக்காரர் இந்த முதல் பாதியை அப்படியே விட்டுவிட்டார்!

காலையில் சட்டியோடு போய் நின்றேன். “சட்டி போனால் போகிறது, ஏன் மூன்று வாரமாக முகம் கொடுத்துப் பேசவில்லை?” என்றார் ஆச்சி. அழுதுவிட்டேன். அப்புறம் உடைந்த சட்டியைக் கேட்டார், அது அவருடைய கல்யாணச் சாமானாம். நல்லவேளை, பரணில்தான் வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.