முதல்ல பிளக், அப்புறம்தான் ஆயில்

[காட்சி: காலை நேரம். வீட்டு வாசலில் பானட் திறந்த பழைய கார்]

வணக்கம். இது மாருதி 800. 796 சிசி, மூணு சிலிண்டர். கையில கத்துக்க இதைவிட நல்ல வண்டி எனக்குத் தெரிஞ்சு இல்ல. இன்னைக்கு பிளக், அதாவது பெட்ரோலைப் பத்தவைக்கற ஸ்பார்க் பிளக், அதைக் கழட்டிப் பாத்துட்டு, எஞ்சின் ஆயிலும் மாத்தப்போறோம்.

இதுல வரிசை முக்கியம். ஆயில் சூடா இருந்தாதான் இளகி, கசடையும் சேத்துக்கிட்டு இறங்கும். பிளக்குக்கு எஞ்சின் ஆறியிருக்கணும். பிளக் உக்கார்ற எஞ்சின் மேல்பாகம், அதான் ஹெட், அலுமினியம், சூட்டோட திருகினா மரையும் கூடவே வந்துடும். அதனால ராத்திரி நின்ன வண்டியில முதல் வேலை பிளக்.

[காட்சி: பிளக், மிக அருகில்]

வயரை இழுக்காதீங்க, ரப்பர் மூடியைப் பிடிச்சு எடுங்க. ஒரு பிளக்கை முடிச்சு வயரை மாட்டிட்டு அடுத்ததுக்குப் போங்க. வயர் இடம் மாறினா எஞ்சின் உதறும். ஸ்பேனர் வைக்கறதுக்கு முன்னாடி சுத்தியிருக்கற மண்ணை ஊதிடணும், இல்லன்னா சிலிண்டருக்குள்ள விழும்.

இந்த முனையைப் பாருங்க. வெளிர் காப்பி நிறம், நல்லா எரியுது. கரிப்பொடி படிஞ்சிருந்தா பெட்ரோல் அதிகமா போகுது. ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கான்னும் பாருங்க. ஆயில் ஈரமா பளபளன்னு இருந்தா எஞ்சினுக்குள்ள ஆயிலைத் தடுக்கற பிஸ்டன் ரிங்கோ வால்வ் சீலோ தேஞ்சிருக்கும். புது பிளக் போட்டு அதைத் தீர்க்க முடியாது.

திரும்ப மாட்டறப்பதான் நிறைய பேர் மரையைக் கெடுக்கறாங்க. பிளக் தலையில ஒரு ரப்பர் குழாய்த் துண்டைச் செருகி, அதாலேயே திருகுங்க. மரை கோணலா பிடிச்சா குழாய் வழுக்கிடும், மரை கெடாம தப்பிச்சுடும். முழுசா உக்காந்தப்புறம், புது பிளக்குன்னா ஸ்பேனரால அரை சுத்து. பழசுக்கு வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும், லேசா இறுக்கினா போதும்.

[காட்சி: வண்டிக்கு அடியில்]

இப்ப அஞ்சு நிமிஷம் ஓட்டி ஆஃப் பண்ணுங்க. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில போகவே கூடாது, ஸ்டாண்ட் வைங்க. எஞ்சின் அடியில ஆயில் வடிக்கற டிரெயின் போல்ட்டைக் கழட்டி ஆயிலை வடிய விட்டு, புது வாஷரோட மாட்டுங்க.

அடுத்து ஆயில் ஃபில்டர். அதைக் கழட்டினதும் அது உக்காந்த இடத்தை விரலால தடவிப் பாருங்க. பழைய ஃபில்டரோட ரப்பர் வளையம் அங்கேயே ஒட்டியிருக்கும் சில சமயம். அது மேலயே புதுசை மாட்டினா, ஸ்டார்ட் பண்ணதும் ஆயில் பீச்சி அடிக்கும். புது ரப்பர்ல ஆயில் தடவி, கையாலேயே இறுக்குங்க.

மேனுவல்ல சொன்ன அளவு ஆயில் ஊத்தி, ஒரு நிமிஷம் ஓடவிட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு ஆயில் மட்டம் பாக்கற கம்பி, டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்க. மேல் கோட்டைத் தாண்டக் கூடாது.

வடிச்ச ஆயிலை கேன்ல மூடி வைங்க. சாக்கடையில ஊத்தாதீங்க, தயவுசெஞ்சு. பழைய ஆயில் வாங்கறவங்ககிட்ட குடுத்துடலாம்.